தாய்மாமன் வீட்டு வெள்ளி

தங்கை ரெஹானாவின் கணவன் ஆசாத், உருக்கிய உலோகக் கட்டி ஒன்றைக் கொண்டுவந்து என் பெயிண்ட் கடை மேஜையில் வைத்தான்.

"இம்புட்டும் செம்பு மச்சான்" என்றான், நான்தான் திருடன் என்பதுபோல.

அது என் காசுகள் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

இத்தாலி ஒரே நாடாவதற்கு முன்னால் அங்கே வெனிஸ், பார்மா, மோதேனா என்று குட்டி நாடுகள் ஆளுக்கொரு காசு அடித்தன. தங்கக் காசை எவனும் சேர்ப்பான். நான் சேர்த்தது செம்பில் துளி வெள்ளி கலந்த சில்லறை. அந்த ஊர் ஏழைபாழைகள் ரொட்டி வாங்கித் தேய்ந்த காசு. வருஷக்கணக்காகத் தபாலில் வரவழைத்தேன். உத்தமபாளையமே சிரித்தது, சிரித்துவிட்டுப் போகட்டும். மதுரை நாணயக் கண்காட்சியில் அந்த 2006-ல்தான் முதல்முறையாக எனக்கும் இடம் கொடுத்திருந்தார்கள்.

ரெஹானா பிள்ளைக்கு வெள்ளி அரைஞாண் போடுவது தாய்மாமன் கடமை. போடத்தான் இருந்தேன். அதற்குள், நான் ஜும்மாத் தொழுகைக்குப் போயிருந்த நேரம் ஆசாத் வந்து வெள்ளியைக் கேட்க, அம்மா பீரோவிலிருந்து காசுப் பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டார். அதில் வெள்ளி இருக்கிறது என்று நான் எப்போதோ சொன்னது மட்டும் அவருக்கு நினைவிருந்திருக்கிறது. அவன் கூடலூர் பத்தரிடம் கொடுத்து உருக்கிவிட்டான்.

"என்னையக் கேக்காம எடுத்துட்டு, குறை வேற சொல்றீகளா மாப்ள?"

"மாமன் வீட்டுச் சீரு செம்பான்னு எங்க வீட்ல கேக்குறாக. தல காட்ட முடியல மச்சான்."

வீட்டுக்குப் போனால் அம்மா, "நல்ல வெள்ளியா ஒண்ணு எடுத்துக் குடுத்துரு தௌபீக்கு. ஒன் தங்கச்சி அங்கன வாழணும்ல" என்றார். என் காசுகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எடுத்தேன். வேறென்ன செய்ய?

விசேஷத்தன்று கூடலூரில், ஆசாத் வீட்டில், பிள்ளைக்குக் கட்டப் போகையில் ஆசாத் அரைஞாணை என் கையிலிருந்து வாங்கி, விருந்துக்கு வந்திருந்த பத்தரிடம் நீட்டினான். அவர் உரைகல்லோடுதான் வந்திருந்தார். சபை பார்க்க உரசி, "சுத்த வெள்ளி" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஆசாத் என் தோளைத் தட்டினான். "இத மொதல்லயே குடுத்திருந்தா அந்தக் காசு பொழச்சிருக்கும்ல மச்சான்."

பிரியாணியைத் தொடாமல் பஸ் ஏறினேன். கம்பம் தாண்டுவதற்குள் விசேஷ வீட்டிலிருந்து அம்மா போன் செய்தார். சாப்பிடாமல் வந்ததற்கு மாப்பிள்ளையிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம்.