ஒரு விரல் கனம்

தாராவி வீட்டு இரும்பு ஏணியிலிருந்து விழுந்து ஒடிந்த அன்னத்தாயின் இடது தொடை எலும்பு, கோணலாகவே கூடிக்கொண்டது. இருபத்திரண்டு வருசம் அந்தப் பக்கமே சாய்ந்து சாய்ந்து நடந்ததில் முட்டியும் தேய்ந்து போச்சு. “முட்டி மாத்தணும்னா எலும்புக்குள்ள கம்பி விட்டு அளவெடுக்கணும், வளைஞ்ச எலும்புல கம்பி எங்கே போகும்?” என்று ரெண்டு டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். செம்பூர் டாக்டர் வந்தனாதான், “கம்பியே வேண்டாம்மா. இடுப்புலேர்ந்து கணுக்கால் வரைக்கும் கம்ப்யூட்டர் கோடு போட்டுக் காட்டும், அதுபடி முட்டியை வெட்டிப் பொருத்தினா காலும் நேராயிரும்” என்றாள்.

ஆபரேஷன் முடிந்து ரெண்டு மாசம், வீட்டுக்குள்ளேயே வெறுங்காலில், வாக்கரும் சுவருமாக நடந்தாயிற்று. இன்றைக்குத்தான் கைப்பிடி இல்லாமல் முதல் நடை. அம்பர்நாத்தில் மகள் ஜான்சியின் வீடு மூணாவது மாடி, லிப்ட் கிடையாது. பேத்திக்கு நாலு வயசாச்சு, அந்த வீட்டு வாசலை அன்னத்தாய் இன்னும் பார்த்ததில்லை.

புருசன் நயினார் தோல் பட்டறைக்காரர். தன் கையால் தைத்த புதுச் செருப்பை அவரே காலில் மாட்டிவிட்டார்.

சந்தில் நாலு எட்டு வைத்தாள். உடம்பு வலது பக்கமாய்ச் சாய்ந்தது. கைதட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஷமீமா சட்டென்று நிறுத்திவிட்டாள்.

“போச்சு, எல்லாம் போச்சு! முன்னே அந்தப் பக்கம் சாஞ்சேன், இப்ப இந்தப் பக்கம்! அந்தக் கம்ப்யூட்டரைக் குப்பையில போடச் சொல்லும்!” அன்னத்தாய்க்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. இனி அம்பர்நாத் எங்கே, பேத்தி எங்கே?

நயினார் பதறிப்போய்க் குந்தி அவள் காலைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். குனிந்த தலை நிமிரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

“நீரு வேற அழாதேயும்.”

அழுகையா அது! மனுசன் விழுந்து விழுந்து சிரித்தார். “ஏளா, கம்ப்யூட்டரு சரியாத்தான் பண்ணிருக்கு. நாந்தான் கிறுக்கன்! உன் கால் குட்டைன்னு இத்தனை வருசமும் இடது செருப்புக்கு ஒரு விரல் கனம் கூட்டித்தானே தச்சேன்? கை அதே மாதிரி தச்சுருச்சு!”

செருப்பை உதறிவிட்டு நின்றாள். ரெண்டு பாதமும் தரையில் சமமாய்ப் பதிந்தது. சந்து முனைவரை போனாள், திரும்பி வந்தாள், ஒரு பக்கமும் சாயவில்லை. ஷமீமா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். நயினார் வாசலிலேயே உட்கார்ந்து கூடுதல் தோலை அறுத்தெடுத்தார்.

சாயங்காலம் ஜான்சி கதவைத் திறந்து, “எம்மா! நீயா ஏறி வந்தே?” என்று கத்தினாள். பேத்தி ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். அன்னத்தாய் பையிலிருந்து அந்தத் தோல் துண்டை எடுத்து மகள் கையில் வைத்தாள்.

“இது உங்க அய்யா அடிச்ச கூத்து. அப்புறமாச் சொல்லுதேன்.”

“அய்யா எங்கேம்மா?”

“ரெண்டாவது மாடியில முட்டியைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. போய்க் கூட்டிட்டு வா.”