ஒரு தொட்டிக்கான ஐஸ்

காலை பத்து மணிக்கு, தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் நின்றது. நின்றது என்று மரியாதைக்காகச் சொல்வது. உண்மையில் அது இருமியது, தும்மியது, பெரிதாக ஒரு மூச்சு விட்டு அடங்கிப்போனது. டாக்டரம்மா அதன் வயிற்றில் ஓர் உதை விட்டுப் பார்த்தாள். இத்தனை வருடப் படிப்பில் இயந்திரங்களுக்கென்று அவள் கற்ற ஒரே வைத்தியம் அதுதான்.

டாக்டரம்மா என்பது தெரு வைத்த பெயர். பவளப்பாறைகளை ஆராய்ச்சி செய்து வாங்கிய பட்டம், மனுஷங்களுக்கு மருந்து தரும் பட்டம் இல்லை என்று ஆரம்பத்தில் எல்லாரிடமும் விளக்கிப் பார்த்தாள். "அதனால என்ன, இந்த இருமலுக்கு மட்டும் ஒண்ணு சொல்லுங்க" என்றார்கள். இப்போது வெந்நீர் குடிக்கச் சொல்லி அனுப்பிவிடுகிறாள். பாதிப் பேருக்குச் சரியாகியும் விடுகிறது.

அவளுடைய உண்மையான நோயாளிகள் ஆராய்ச்சி நிலையத்தின் பின்னறையில், மூன்று தொட்டிகளில் இருந்தார்கள். இந்தக் கோடையில் கடல் சூடேறப்போகிறது என்று தெரிந்ததும் பாறையிலிருந்து வகைக்குச் சில துண்டுகள் வெட்டி எடுத்து வந்திருந்தாள். மொத்தம் இருபத்திரண்டு வகை. அவள் பயந்தது போலவே வெளியே பாறை முழுக்க வெளுத்துவிட்டது. பவளத்துக்குள்ளேயே குடியிருந்து அதற்குச் சோறு போடுவது கண்ணுக்குத் தெரியாத பாசி. சூடு தாங்காத பவளம் அந்தப் பாசியை வெளியே துரத்திவிட்டுத் தானும் பட்டினி கிடக்கும். கோபத்தில் சமையல்காரரை விரட்டிவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் விழிக்கிற வீடு மாதிரி. கடல் ஆறிய பிறகு திரும்ப நட்டு வைக்க, இந்தத் தொட்டிகளில் இருப்பதைத் தவிர வேறு எதுவும் இல்லை.

"இருபத்தெட்டு ஆயிடுச்சு மேடம்" என்றார் தெர்மாமீட்டர். தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர் அவர். தூக்கத்தில் எழுப்பினாலும் தண்ணீரின் சூட்டைத்தான் முதலில் சொல்வார் என்பதால் அந்தப் பெயர்.

முப்பத்தொன்றைத் தொட்டால் வெளுக்க ஆரம்பிக்கும். மெக்கானிக் வந்து திறந்து பார்த்து, உதிரி பாகம் சாயங்கால பஸ்ஸில்தான் வரும் என்று கையை விரித்தார். உச்சி வெயில் இனிமேல்தான் பாக்கி. அறைக்கு ஏ.சி. கிடையாது. தொட்டிக்குச் சில்லர் இருக்கும்போது அறைக்கு எதற்கு என்று மேலிடத்தில் முன்பே கேட்டிருந்தார்கள்.

இயக்குநருக்குப் போன் போட்டாள்.

"பதறாதீங்க" என்றார் அவர், பதறுகிற வேலை தன்னுடையது இல்லை என்ற நிம்மதியோடு. "மான்கொம்புப் பவளத்தை எல்லாம் ஒரே தொட்டியில போட்டு அதை மட்டும் காப்பாத்துங்க. வேகமா வளரும், பார்க்கவும் நல்லா இருக்கும். அடுத்த வாரம் பார்வையாளர்கள் வேற வர்றாங்க."

"மத்ததெல்லாம் சார்?"

"அதையெல்லாம் அப்புறம் கடல்ல எடுத்துக்கலாம்."

"கடல்ல இருந்தா நான் எதுக்கு சார் தொட்டியில வெச்சிருக்கேன்?"

லைன் சரியில்லை என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார். லைன் நன்றாகத்தான் இருந்தது.

ஐஸ் வேண்டும். மீன் ஏலக்கூடத்து ஐஸ் விடியற்காலையிலேயே மீனோடு லாரி ஏறிவிட்டது. அந்த நேரத்தில் மூட்டை மூட்டையாக ஐஸ் வைத்திருக்கும் ஒரே ஆள் அவளுடைய நாத்தனார்தான். ஐஸ்கிரீம் கடை, இரண்டு பெரிய ஃப்ரீசர்.

சிக்கல் என்னவென்றால், நாத்தனார் இவளோடு பேசி எட்டு மாதம் ஆகிறது. கடை திறந்த அன்று டாக்டரம்மா கடலிலிருந்து நேராக, தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தாள். கையில் ஒரு கடலட்டை. நிலையத்து ஃப்ரீசர் அப்போதும் ரிப்பேர். ஒரு மணி நேரம்தானே என்று, மாம்பழ ஐஸ்கிரீம் டப்பாக்களுக்கு அடியில் அதைச் செருகி வைத்தாள். அப்புறம் நடந்ததைச் சொல்லவா வேண்டும், மறந்துபோனாள். மூன்றாம் நாள் நிரம்பி வழிந்த கூட்டத்தின் நடுவே நாத்தனார் டப்பா என்று நினைத்து வெளியே இழுத்தது முழ நீளத்தில் கறுப்பாக இருந்தது. வரிசையில் நின்ற ஓவிய வாத்தியார் ஒருவர், "இது என்ன ஃப்ளேவர்?" என்று ஆர்வமாகக் கேட்டாராம்.

டாக்டரம்மா புருஷனுக்குப் போன் செய்தாள். "உங்க தங்கச்சிகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"நான் ஊர்லயே இல்லைன்னு வெச்சுக்க" என்றான் அவன். ஊரில்தான் இருந்தான்.

மானத்தை ஸ்கூட்டர் பெட்டிக்குள் பூட்டி வைத்துவிட்டுக் கடைக்குள் நுழைந்தாள்.

"என்ன அண்ணி, காத்து இந்தப் பக்கம் அடிக்குது?" நாத்தனார் கல்லாவிலிருந்து எழுந்திருக்கவில்லை. "கையில ஒண்ணும் இல்லையே? பையைத் திறந்து காட்டிட்டு உள்ள வாங்க."

"எனக்கு ஐஸ் வேணும்மா. இருக்கிறது அத்தனையும்."

"யாருக்குக் காய்ச்சல்?"

"பவளத்துக்கு."

நாத்தனார் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "எங்கண்ணன் கல்லுக்கு வைத்தியம் பார்க்கிறவளைக் கட்டியிருக்கான்னு சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க. இன்னைக்கு என்ன வெயில் தெரியுமா? எனக்கு வருஷத்துலயே நல்ல வியாபாரம் ஆகிற நாள்."

"தெரியும். அந்த வெயில்தான் அங்க கொல்லுது." டாக்டரம்மாவின் குரல் தாழ்ந்தது. "கடலட்டை விஷயத்துல நான் செஞ்சது தப்பு. எட்டு மாசமா மன்னிப்பு கேட்கக் கூச்சம். இப்ப கூச்சப்பட எனக்கு நேரம் இல்லை."

நாத்தனார் கல்லாவிலிருந்து எழுந்தாள். பிறகு ஃப்ரீசரைத் திறந்தாள். "எடுங்க. கடலட்டைக்கு ஒரு நாள் நிம்மதியா உட்கார்ந்து சண்டை போடணும். அதை நான் மறக்கலை."

சொன்னவள் கடையைச் சாத்திவிட்டு வேனையும் தானே ஓட்டி வந்தாள். வந்த வேகத்தில் ஒரு வாளி ஐஸைத் தூக்கி முதல் தொட்டிக்குள் கொட்டப் போனாள். டாக்டரம்மா குறுக்கே பாய்ந்தாள். பாதி ஐஸ் அவள் தலையிலும் மீதி முதுகு வழியே உடைக்குள்ளும் இறங்கியது.

"அண்ணி! பைத்தியமா உங்களுக்கு?"

"அது நல்ல தண்ணி ஐஸும்மா! உப்பு குறைஞ்சா எல்லாம் செத்துடும். பவளத்துக்கு நல்ல தண்ணிதான் விஷம்."

"இதை வேன்ல வரும்போதே சொல்றதுக்கு என்ன? வழியெல்லாம் பாசி சோறு போடும், பவளம் பட்டினி கிடக்கும்னு கதை சொன்னீங்களே!"

நியாயமான கேள்வி. உதறிக்கொண்டே டாக்டரம்மா அதை ஒப்புக்கொண்டாள். ஐஸ்கிரீம் டப்பாக்களில் ஐஸை நிரப்பி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி மிதக்கவிடுவது என்று முடிவாயிற்று. தெர்மாமீட்டர் கணக்குப் போட்டுப் பார்த்தார். சாயங்காலம் வரை ஒரு தொட்டிக்குத்தான் ஐஸ் தாங்கும்.

டாக்டரம்மா முழங்கை வரை கையைத் தண்ணீருக்குள் விட்டு, மான்கொம்புகளில் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை இரண்டாவது தொட்டிக்கு மாற்றத் தொடங்கினாள்.

"மேடம், இயக்குநர் அதைத்தானே காப்பாத்தச் சொன்னார்?"

"வகைக்கு ஒண்ணு. இருபத்திரண்டும் இதுல வரணும்."

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். ஒரு துண்டு பிழிந்து போட்ட கரித்துணி போல இருந்தது. "இதுக்காகவா அந்த அழகான கிளையெல்லாம் வெளியே போகுது?"

"உன் கடையில எது அதிகமா விக்குது?"

"வெனிலா."

"வெனிலா மட்டும் வெச்சா போதுமா?"

"தாராளமா போதும். மத்ததெல்லாம் எனக்குத் தலைவலி."

டாக்டரம்மாவின் அருமையான உவமை அங்கேயே உருகிப்போனது. அவள் நேராகவே பேசினாள். "மான்கொம்பு ஒரு துண்டு இருந்தா வருஷத்துக்குள்ள ஒரு சாண் வளர்த்துக் காட்டுவேன். இந்தக் கரித்துணி வருஷத்துக்கு நகக்கண் அளவுதான் வளரும். இது போனா என் காலத்துல திரும்ப வராது. அதோட, வெளியே பாறையில சூடு ஆரம்பிச்சதும் முதல்ல வெளுத்தது மான்கொம்பு. எல்லாத்துக்கும் கடைசியா வெளுத்தது இது. அடுத்த கோடை எதைத் தின்னும்னு யாருக்குத் தெரியும்? தெரியாதப்ப எல்லாத்தையும் வெச்சுக்கணும்."

நாத்தனார் கரித்துணியை இன்னொரு முறை பார்த்தாள். "சரி, டேப்பைக் கொடுங்க."

மத்தியானம் முழுவதும் அதே வேலை. உருகிய டப்பாவை எடு, புதியதைப் போடு, தண்ணீரைக் கலக்கு. இருபத்தொன்பது. இருபத்தொன்பதரை. வெயில் உச்சிக்கு வந்தபோது முப்பதைத் தொட்டது. டாக்டரம்மா விரல்கள் மரத்துப்போய், டேப்பின் முனையைப் பிரிக்க முடியாமல் பல்லால் கிழித்தாள். ஒரு கட்டத்தில் நாத்தனார் வேனை எடுத்துக்கொண்டு போய், கடையில் மிச்சமிருந்த வெனிலா டப்பாக்களையே முழுதாக இறக்கினாள்.

"இது விக்கிற சரக்குடி!" அவசரத்தில் டாக்டரம்மாவுக்கு 'டி' வந்துவிட்டது.

"மூடி இறுக்கமாத்தான் இருக்கு. போடுங்க அண்ணி."

மற்ற இரண்டு தொட்டிகளிலும் மான்கொம்புகளின் நுனி வெளுத்தது. பிறகு கிளை வெளுத்தது. டாக்டரம்மா அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் ஒரு டப்பாவையாவது அங்கே போட்டுவிடுவோம் என்று அவளுக்குத் தன்னைப் பற்றித் தெரியும்.

பஸ் வந்தது, பாகம் வந்தது, மெக்கானிக் வந்தார். வெயில் இறங்கும் நேரத்தில் சில்லர் ஒரு முறை இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. "முப்பதைத் தாண்டலை மேடம்" என்றார் தெர்மாமீட்டர். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மறுநாள் இயக்குநர் வந்தார். வெளுத்து நின்ற இரண்டு தொட்டிகளைப் பார்த்தார். "பார்வையாளர்களுக்கு நான் எதைக் காட்டுறது?"

"இதை." டாக்டரம்மா முதல் தொட்டியைக் காட்டினாள்.

"இதுல அழகா ஒண்ணுமே இல்லையே?"

"அழகில்லைதான் சார். ஆனா பாறையில இருந்த அத்தனையும் இருக்கு. கடல் ஆறினதும் இருபத்திரண்டையும் நடுவேன். நீங்க சொன்னதைச் செய்யலைன்னு எழுதித் தரணும்னா தந்துடறேன். நடறதை மட்டும் நிறுத்த மாட்டேன்."

இயக்குநர் குனிந்து, தொட்டிக்குள் இருந்தவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். பிறகு அறைக்கு ஒரு ஏ.சி. கேட்டு எழுதச் சொன்னார்.

அடுத்த வாரம் டாக்டரம்மா காலி டப்பாக்களைக் கழுவி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். இரண்டாவது ஃப்ரீசரின் அடித்தட்டில் ஐஸ்கிரீம் இல்லை. உறைய வைப்பதற்காகத் தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. மேலே ஒரு அட்டை, நாத்தனாரின் கையெழுத்தில்:

'அண்ணி தட்டு. ஐஸ் மட்டும். உயிரோட இருக்கிறதோ, செத்ததோ, எதுவும் வைக்கக் கூடாது.'

"உட்காருங்க அண்ணி" என்றாள் நாத்தனார், இரண்டு கிண்ணத்தில் ஐஸ்கிரீம் போட்டுக்கொண்டே. "அந்தக் கடலட்டைச் சண்டையை இப்ப ஆரம்பிக்கலாம்."