வெற்றுக் கட்டம்

"வயது, மூன்று மாதத்துக்குள். எடை, ஐந்து கிலோவுக்குக் கீழ். மருந்து, அரைக் கரண்டி" என்று திரையைப் பார்த்து வாசித்துவிட்டு கிளெம் கட்டிலைத் திரும்பிப் பார்த்தான்.

போர்வைமேல் கிடந்த வெர்னாவின் ஆள்காட்டி விரல் எழும்பியது. இந்த வாரமெல்லாம் அது எழும்புவது என்றால் ஒரு நகக்கண் அளவுதான். அதற்காகத்தான் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டிருந்தான்.

"என்ன தப்பு? இங்க அப்படித்தானே இருக்கு."

விரல் இறங்கி மறுபடியும் எழும்பியது. கண் மூடித்தான் இருந்தது. பின்னால் கொல்லைக் கதவு காற்றில் படாரென்று அடித்தது. தென்கோடி ஊரான மட்டாவுராவில் தெற்குக் காற்று இரண்டு நாளாக ஓயவில்லை.

பார்வையில்லாதவர்களுக்காக இருவரும் புத்தகங்களைத் தயார் செய்து அனுப்புகிறவர்கள். கிளெம் புத்தகத்தின் முதுகைத் தன் பழைய எலும்புக் கத்தியால் ஒரே இழுப்பில் அறுத்துத் தாள் தாளாக்குவான். ஆட்டுத்தொட்டியில் ஆடு உரிக்க முப்பது வருஷம் பிடித்த கத்தி. வெர்னா தாள்களைப் படம்பிடிக்கும் பெட்டியில் விடுவாள். பெட்டி அதை எழுத்தாக்கிக் கணினிக்குத் தரும். அதிலுள்ள பிழைகளைக் களைவதுதான் பெரிய வேலை. ஒருவர் வாசிக்க, ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். காதுக்குப் புரியவில்லையா, தப்பாகப் பட்டதா, விரல் தூக்கவேண்டும். பேச்சு கிடையாது. நாற்பது வயதில் அவளிடம் எழுத்துக் கற்றுக்கொண்டவன் கிளெம். அப்போதும் இதே விரல்தான்.

மற்ற பக்கங்கள் எல்லாம் முடிந்துவிட்டன. குழந்தை வளர்ப்புப் புத்தகம். பாக்கி இருந்தது காய்ச்சல் மருந்து அட்டவணை ஒன்றுதான். வெர்னாவுக்கு இன்றைக்குத் தாண்டாது என்று தாதி காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

தொலைபேசி அடித்தது. ஆக்லாந்திலிருந்து ரெவி. இவர்களுக்குப் புத்தகம் அனுப்பி வாங்குகிற பையன்.

"அண்ணே, அண்ணி எப்படி இருக்காங்க?"

"இருக்கா."

"சரிண்ணே. கேக்கவே கூசுது. இந்தப் புத்தகம் கேட்டாளே, கண்ணு தெரியாத பொண்ணு மெலே, மறுபடியும் போன் போட்டுட்டா. புள்ள பொறந்தாச்சு, அவ அம்மா டோங்காவுக்குப் போயிட்டாங்க, தனியா இருக்கா. அந்த அட்டவணைய விட்டுட்டு மிச்சத்த அனுப்பிடுங்களேன். 'இங்கே ஓர் அட்டவணை உண்டு, சேர்க்கப்படவில்லை'ன்னு ஒரு வரி போட்டாப் போச்சு. பாதிப் பேர் அப்படித்தான் செய்றாங்க."

சத்தம் வெளியே கேட்கும்படி வைத்திருந்தான். போர்வைமேல் விரல் எழும்பியது.

"வேணாங்குறா" என்றான் கிளெம்.

"பேசுறாங்களா?"

"விரல் தூக்கினா."

ரெவி "அப்ப சரி. காத்திருக்கேண்ணே" என்று வைத்துவிட்டான்.

வெர்னாவின் அக்கா நோலீன் தேநீரோடு உள்ளே வந்தாள். கோப்பை வைக்க இடமில்லை. மேசை, படுக்கை எல்லாம் தாள். பறக்காமல் இருக்க ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு தேன் டப்பா.

"அவ மூச்ச இழுத்துக்கிட்டுக் கெடக்கா. நீ கரண்டி எண்ணிக்கிட்டு உக்காந்திருக்க."

"அவ சொன்னா, செய்றேன்."

"ஆமா, அவ சொல்லி நீ செஞ்சு கிழிச்ச. அந்தக் கொல்லைக் கதவ எத்தனை வருஷமா சொல்றா?" கோப்பையைத் தரையில் வைத்தாள். "வயது, வயதுன்னு வரிக்கு வரி எதுக்கு ஏலம் போடுற? அடுப்படி வரைக்கும் கேக்குது. ஒரு தடவ சொன்னா ஆகாதா?"

அவனும் ஒரு காலத்தில் அதைத்தான் கேட்டான். வெர்னா பாத்திரம் துடைக்கிற துணியை எடுத்து அவன் கண்ணைக் கட்டி, செய்தித்தாளில் வந்த ரக்பி புள்ளிப் பட்டியலை வெறும் எண்ணாக வாசித்தாள். மூன்றாவது அணி வருவதற்குள் எது வெற்றி, எது தோல்வி என்று அவனுக்குத் தட்டுக்கெட்டுப் போயிற்று. உயிரை விடுகிற சொந்த அணியே எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை. "மேல பாத்துக்க அவங்களுக்குக் கண்ணு இல்லப்பா. தலைப்பைக் கூடவே தூக்கிக்கிட்டு வா" என்றாள்.

நோலீனிடம் இதையெல்லாம் சொல்ல அவனுக்குத் தெம்பில்லை. தேன் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் தூக்கி அந்தப் பக்கத்தைத் தேடினான். தாள்கள் சரிந்து தரையெல்லாம் பரவின. மண்டியிட்டுப் பொறுக்கினான். கடைசியில் கட்டிலுக்கடியில் கிடைத்தது.

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கோடு போட்ட அட்டவணை. முதல் வரிசையில் வயது இருந்தது, எடை இருந்தது. மருந்துக் கட்டத்தில் ஒன்றுமே இல்லை. வெள்ளை. கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: மூன்று மாதத்துக்குள் வைத்தியரைக் கேட்காமல் கொடுக்கவேண்டாம்.

பெட்டிக்கு வெள்ளை தெரியாது. வெற்றுக் கட்டத்தை விழுங்கிவிட்டு, அடுத்த வரிசையின் அரைக் கரண்டியை மேலே ஏற்றிவிட்டது. அதன்பின் எல்லாமே ஒரு படி ஏறிப்போயின. கடைசி வரிசையில் எண் இல்லாததை நேற்று கவனித்தவன் அவன்தான். ஓரம் மங்கல் என்று நினைத்து, புத்தகத்தைப் பார்த்து அந்த ஒன்றை மட்டும் நிரப்பிவிட்டு, நிம்மதியாகத் தூங்கப் போனான்.

மெலேயின் பிள்ளைக்கு வயது ஒரு வாரம்கூட இருக்காது.

"வெறுமையா கெடந்தா 'வெற்று'ன்னு எழுதணும். சும்மா விட்டா, அங்க ஒரு கட்டம் இருந்ததே அவங்களுக்குத் தெரியாது." எப்போதோ, பாத்திரம் கழுவிக்கொண்டே வெர்னா சொன்னது.

உட்கார்ந்தான். ஒரு விரலால்தான் அவனுக்குத் தட்டச்சு வரும். எண்களை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினான். முதல் வரிசையில் 'வெற்று' என்று போட்டு, குறிப்பையும் அங்கேயே சேர்த்தான். கதவு அடித்தது. எழுந்து போய் அதை ஒரு உதை விடலாமா என்றிருந்தது. போகவில்லை.

"வெர்னா, கேளு."

வாசித்தான். முதல் வரிசை. விரல் அசையவில்லை. இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொரு வரிசைக்கும் நின்று பார்த்தான். கடைசி வரிசையும் தாண்டியது. விரல் தூக்காமல் ஒரு பக்கம் முழுக்கப் போய்விட்டால் அவன் எழுந்து ஒரு குதி குதிப்பான், அவள் சிரிப்பாள். இன்று அவன் நாற்காலியை விட்டு அசையவில்லை.

நோலீன் வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி வாசித்தான்.

"வயது, மூன்று மாதத்துக்குள். மருந்து, பத்துக் கரண்டி."

விரலைப் பார்த்தான்.

"மருந்து, இருபது கரண்டி" என்றான், இன்னும் சத்தமாக.

"கிளெம்" என்றாள் நோலீன்.

அவன் கையைக் காட்டி அவளைப் பொறுக்கச் சொன்னான். கொஞ்ச நேரம் அப்படியே நீட்டியிருந்த கையைப் பிறகு இறக்கிக்கொண்டான். குனிந்து, வெர்னாவின் கழுத்துவரை போர்வையைச் சரிசெய்தான். கையை மட்டும் மூடவில்லை.

நோலீன் வந்து கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்தாள். தங்கையின் நெற்றியில் உள்ளங்கையை வைத்தாள். வெகுநேரம் எடுக்கவில்லை.

"தாதிய கூப்பிடணும்" என்றாள் பிறகு.

"கூப்பிடணும்."

"அது முடிஞ்சுதா?" திரையைக் காட்டித்தான் கேட்டாள்.

"தெரியல. எந்த வரிசை வரைக்கும் அவ கேட்டான்னு தெரியலையே."

நோலீன் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். தன் கையைத் தங்கையின் கைக்குப் பக்கத்தில் போர்வைமேல் வைத்து, விரலை நீட்டினாள்.

"மேலேர்ந்து வாசி."

கொல்லைக் கதவு அடித்தது. கிளெம் வாசித்தான். முதல் வரிசையை வெற்று வரைக்கும் சரியாகச் சொன்னான். இரண்டாவதைத் தொடங்கினான்.

"மூன்று முதல் ஆறு மாதம்..."

நோலீனின் விரல் எழும்பியது.

"தலைப்பச் சொல்லல" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

அவன் திரும்பிப் போய் அந்த வரியை முதலிலிருந்து எடுத்தான்.

"வயது" என்றான்.