கால் சொன்ன வயது

வேப்பேரியில் மெத்தைக்கடைக்கு மேலே இருக்கும் ஜாஸ் ரசிகர் மன்றத்தில் வயதைக் காலைப் பார்த்துத்தான் சொல்வார்கள். பிறந்த தேதியை அங்கே யாரும் நம்புவதில்லை. எந்த ரெக்கார்டுக்குக் கால் தானாக ஆடுகிறதோ, அது வெளிவந்த வருஷம்தான் ஆள் பிறந்த வருஷம். மன்றத்தில் சொன்ன வயது வீட்டிலும் செல்லும், பஸ்ஸிலும் செல்லும்.

தலைவர் நார்பர்ட்டுக்கு வயது நூற்று நான்கு. தாடி இன்னும் ஒழுங்காக முளைக்கவில்லை. படியேறி வருகிறவர்கள் முதலில் அவர் காலில் விழுவார்கள். ரிட்டயர்டு தாசில்தார் ஒருவர், வயது பதினேழு, போகும்போதும் ஒரு தடவை விழுவார்.

சிவசைலம் ஒரு வருஷமாக அங்கே போய்க்கொண்டிருந்தார். ஆனால் வயது பார்த்துக்கொள்ளவில்லை. நாற்காலியின் மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். மடக்கிய கால் ஆடாது. கீழே மெத்தைக்கடை வரைக்கும் அவருக்கு ஐம்பத்தொன்பது. மேலே எத்தனை என்று அவருக்கு லேசாகத் தெரியும். அதனால்தான் சப்பணம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் தன் மகள் நிவேதிதாவைக் கூட்டிக்கொண்டு போனார். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறாளே என்றுதான். அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பது பத்து நிமிஷத்தில் விளங்கிவிட்டது.

உள்ளே வழக்கமான சண்டை நடந்துகொண்டிருந்தது. முப்பதுகளின் ஸ்விங் இசைக் காலத்தவர்களும் நாற்பதுகளின் பீபாப் இசைக் காலத்தவர்களும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்க காலத்துல பாட்டைக் கேட்டா எந்திரிச்சு ஆடுவோம். உங்க தலைமுறை வந்துதான் எல்லாரும் மோவாயில கை வச்சு உக்கார ஆரம்பிச்சீங்க," என்றார் ஒரு பல் டாக்டர்.

"பெரியவங்கன்னு பாக்குறேன்," என்றாள் அவருடைய மனைவி. போன மாசம்தான் அவள் அவரைவிட எட்டு வயது இளையவளாகியிருந்தாள். அதற்கு முன்னால் பத்து வயது மூத்தவளாக இருந்தாள். எப்படியானாலும் சண்டை அதேதான்.

நார்பர்ட் ஒரு பழைய ரெக்கார்டை வைத்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில் வந்தது. கீறல் சத்தத்துக்கு நடுவில் ஒரு கிளாரினெட் சிரித்தது. நிவியின் செருப்பு தரையில் தட்டத் தொடங்கியது.

சிவசைலத்துக்கு அந்த ரெக்கார்டு தெரியும். அது அவருடைய மனைவி காலையில் காப்பி போடும்போது வைக்கும் ரெக்கார்டு. அவள் இறந்தபிறகு அவரால் பழையது எதையும் கேட்க முடியவில்லை. மகள் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டிருக்கிறாள் போலிருக்கிறது.

நாற்காலிகளுக்கு அடியிலிருந்து டார்ச் வெளிச்சம் வந்தது. கால் பார்க்கும் தணிகாசலம் மல்லாந்து படுத்தபடியே நகர்ந்து வந்தார்.

"தானா ஆடுது. தொண்ணூத்தொம்போது," என்றார்.

எல்லாரும் கைதட்டினார்கள். தாசில்தார் ஓடிவந்து நிவியின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். "ஆசீர்வாதம் பண்ணுங்க பாட்டி," என்றார்.

"எனக்கு இருபத்தாறு," என்றாள் நிவி.

"இருபத்தாறுல பொறந்தீங்க பாட்டி. அதைத்தான் நாங்களும் சொல்றோம்."

அவளை முன்வரிசைக்கு மாற்றினார்கள். மன்றத்தில் வரிசைக்கு வரிசை பத்து வருஷம் தூரம். அவள் போய் உட்கார்ந்ததும் கூடம் நீண்டுகொண்டது. சிவசைலத்தின் இடத்திலிருந்து பார்த்தால் அவள் தலை கடுகளவு தெரிந்தது. இடையில் ஒரு டீக்கடையும் ஒரு பஸ் நிறுத்தமும் இருந்தன. அவர் நடந்தார். டீக்கடையில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மறுபடியும் நடந்தார். போய்ச் சேர்ந்தபோது மகளின் தலைமுடி காது வரைக்கும் நரைத்திருந்தது.

"எழுந்திரு, போலாம்," என்றார்.

"முட்டி வலிக்குதுப்பா," என்றாள் நிவி. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

நார்பர்ட் அருகில் வந்தார். "என்ன மேன், பாட்டியை அதட்டுறே? உன் வயசு என்ன?"

"நான் அவளோட அப்பா."

"அது உறவு. நான் வயசைக் கேட்டேன்."

சிவசைலத்தின் பிரச்சினையே அதுதான். அவர் காதில் விழுவதெல்லாம் போன ஆறு வருஷத்தில் வந்த இசைதான். கைப்பேசியில், யாரோ சின்னப் பையன்கள் வாசிப்பது. பழைய ஞாபகம் ஒன்றும் ஒட்டாத இசை. அதற்குத்தான் அவர் கால் ஆடும். அப்படியானால் அவருக்கு வயது ஆறு. தொண்ணூற்றொன்பது வயதுப் பாட்டிக்கு ஆறு வயதில் அப்பா இருக்க முடியாது. மன்றம் ஒத்துக்கொண்டாலும் அவர்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் சங்கம் ஒத்துக்கொள்ளாது.

"என்னையும் பாருங்க," என்றார். "இருக்கறதுலயே பழசைப் போடுங்க."

"பழசுன்னா பழசா?"

"அவளைவிட இருபது வருஷமாவது மூத்தது."

"அவ்ளோ பழசா ஜாஸே கெடையாது மேன்," என்றார் நார்பர்ட். ஆனாலும் தன்னைவிட மூத்த ரெக்கார்டு ஒன்றைத் தேடி எடுத்து வைத்தார். ஒரு ட்ரம்பெட் தூரத்துத் தெருவில் ஊர்வலம் போவதுபோல் கேட்டது.

சிவசைலம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, காலைக் கீழே தொங்கவிட்டு ஆட்டினார். டார்ச் வெளிச்சம் பாதத்தில் விழுந்தது.

"இது நீங்க ஆட்டுறது," என்றார் தணிகாசலம் நாற்காலிக்கு அடியிலிருந்து. "தானா ஆடணும்."

சிவசைலம் ஆட்டுவதை நிறுத்தினார். கால் அப்படியே நின்றது. அவருடைய அப்பா அவரைச் சின்ன வயதில் கச்சேரி கேட்கச் சபா சபாவாக இழுத்துக்கொண்டு போனவர். தாளம் போடாவிட்டால் தொடையில் கிள்ளுவார். இப்போது கால் மறுத்ததும் வலது கை தானாக ஆதி தாளம் போடக் கிளம்பியது. தொடையில் ஒரு தட்டு. சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். மறுபடி தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. ட்ரம்பெட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் கை நிற்கவில்லை.

ரெக்கார்டு நின்றது.

"கை ஆடுது," என்றார் தணிகாசலம். "அதுவும் தானா ஆடுது."

நார்பர்ட் தொப்பியைக் கழற்றினார். "ஜாஸுக்கே முந்தின ஆள் மேன் இவர்," என்றார் மெதுவாக. அப்புறம் அவர் சிவசைலத்தின் காலில் விழுந்தார். நார்பர்ட் விழுந்து அதுவரை யாரும் பார்த்ததில்லை.

சிவசைலத்துக்குப் பெருமை தாங்கவில்லை. மகளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"அப்ப நான் இவளுக்கு அப்பாதானே?"

"சந்தேகமே இல்ல," என்றார் நார்பர்ட். "ஆனா அந்த வயசுல யாரும் உயிரோட கெடையாது."

தாசில்தார் கடைக்குப் போய்ச் சம்பங்கி மாலை வாங்கிவந்தார். சிவசைலத்தைத் தூக்கிச் சுவரில் ஒரு சட்டத்துக்குள் வைத்தார்கள். சட்டம் அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது. பாதங்கள் மட்டும் கீழே தொங்கின. பல் டாக்டரின் மனைவி ஊதுபத்தி ஏற்றி வைத்தாள். சுவரில் இருப்பவர்கள் பேசக்கூடாது என்று தணிகாசலம் சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே சௌகரியமாகத்தான் இருந்தது. இனி யாரும் அவரிடம் வயதைக் கேட்க முடியாது. ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. நிவிக்கு நூறு ஆகட்டும், நூற்றைம்பது ஆகட்டும், அவர்தான் அப்பா. இதைவிட நிரந்தரமாக ஒரு மனிதன் அப்பாவாக இருக்க வழியே இல்லை என்று நினைத்துக்கொண்டார்.

நிவி சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துவந்தாள். முடி முழுக்க நரைத்துவிட்டது. அண்ணாந்து பார்த்தாள்.

"இறங்கு," என்றாள்.

அவர் மாலையைச் சரிசெய்துகொண்டார்.

"அம்மாவும் சுவர்ல, நீயும் சுவர்லன்னா நான் யார்கிட்ட பேசறது? கேஸ் வந்திருக்கு, கரண்ட் போயிருக்குன்னு நான் யார்கிட்டப்பா சொல்றது?"

அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொன்னால் அப்பாவாக இருக்க முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

நிவி அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அவருடைய சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தாள். சட்டத்துக்குள் கை விடக்கூடாது என்று தணிகாசலம் கத்தினார். அவள் காதில் வாங்கவில்லை. ஒரு வருஷமாக அப்பா மாடிப்படியில் உட்கார்ந்து எதைக் கேட்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அதைப் போட்டாள்.

ட்ரம்ஸ் உருண்டது. அதன்மேல் ஒரு சாக்ஸஃபோன் தெருநாய்போல் குறுக்கே ஓடியது. பழைய ஆட்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

சிவசைலத்தின் வலது கால் கட்டைவிரல் துடித்தது. இடது காலால் அதை அமுக்கினார். இடது கால் துடித்தது. கீழே பார்த்தார். நிவி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைகூப்பியிருந்தாள். அவள் எதற்கும் கைகூப்பி அவர் பார்த்ததில்லை.

அப்பாவாக இருப்பதை விட்டுவிடுவது என்று அவர் முடிவு செய்தார். கஷ்டமாகத்தான் இருந்தது. காலை விட்டார். அது ஆடியது.

"தானா ஆடுது," என்றார் தணிகாசலம். "ஆறு."

மாலையைக் கழற்றிவிட்டு அவரை இறக்கினார்கள். சட்டைக் கை முழங்கையைத் தாண்டித் தொங்கியது. மீசை மட்டும் அப்படியே இருந்தது. மன்றத்துக்கு மீசையைப் பற்றி விதி கிடையாது. தாசில்தார் அவர் கன்னத்தைக் கிள்ளி, "சமத்தா இருக்கணும் தம்பி," என்றார்.

நிவி குனிந்து அவர் செருப்பு வாரை மாட்டிவிட்டாள். முட்டி சடசடத்தது. "காலை நீட்டு. ஒழுங்கா நீட்டு," என்றாள். அவர் நீட்டினார்.

"கேஸ் வந்துச்சா?" என்று கேட்டார்.

"வந்துச்சு. காலி சிலிண்டரை மாத்திட்டுப் போயிட்டான்."

"எடை பாத்தியா?"

"பாக்கல."

"பாக்கணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்," என்று தொடங்கியவர், தமக்கு ஆறு வயது என்பது ஞாபகம் வந்து பாதியில் நிறுத்தினார். நிவி சிரித்தாள். கொஞ்ச நேரம் நிறுத்தாமல் சிரித்தாள்.

படியிறங்கித் தெருவுக்கு வந்தார்கள். எதிர்ப்பக்கம் போனால்தான் பஸ். வண்டிகள் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. தொண்ணூற்றொன்பது வயதுக்காரியை அந்தச் சாலையில் தனியாக விடக்கூடாது. ஆறு வயதுக்காரனையும் விடக்கூடாது. யார் யாரைக் கடத்திவிடுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. ஓரமாக நின்றார்கள். பஸ் ஒன்று வந்து, நின்று, போயிற்று.

பிறகு இருவரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள்.