மேல் இமைக்கு அடியில்

1

இந்தக் கதையை நான் ஒட்டுக்கேட்டு எடுத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. என்னிடமே சொன்னார்கள். இரவு வேலையை விட்டு ஒரு மாதமாகியும் கண்ணெரிச்சல் நிற்கவில்லை, லென்ஸை மாற்றிப் பார்க்கலாமா என்று கேட்கப் போயிருந்தேன். மோவாயைக் கருவியில் பதித்துக்கொண்டு வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தபோது கண்ணைப் பரிசோதித்த பெண் சொன்னார்:

"என் தம்பி கண்ணிலேர்ந்தே ஒண்ணு எடுத்திருக்கேன். நாப்பது நாள் உள்ளயே கிடந்திருக்கு. கிரேன் ஓட்டுறான்."

பிறகு, "மேல பாருங்க."

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மீதியெல்லாம் நான் கட்டியது.

2

முதல் தொடக்கம்: வெளியே மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில்— (அந்த அறைக்குச் சன்னலே கிடையாது.)

இரண்டாவது: கண் என்பது— (கண்ணைப் பற்றித் தத்துவம் பேசுகிறவர்கள் ஒருவரும் இமையைத் திருப்பிப் பார்த்ததில்லை.)

மூன்றாவது: தம்பி உள்ளே வந்து, சுழல் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உட்கார்ந்தான்.

"அக்கா, எனக்கு லென்ஸ் போட்டு விடு."

"உனக்கெதுக்குடா லென்ஸ்? அன்னிக்குக் கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிச்சியே."

"இப்ப கொஞ்சம் மங்கலா இருக்கு. வலது கண்ணுல மணல் விழுந்த மாதிரி உறுத்தல் வேற."

நாற்பது நாளுக்கு முன் அவனுக்குச் சான்றிதழ் கொடுத்தவளே அவள்தான். கண்ணாடியும் லென்ஸும் இல்லாமல் இரு கண்களும் தெளிவு, கிரேன் இயக்கலாம். புழுதி பறக்கும் அந்த வேலைக்குக் கண்ணாடியோ லென்ஸோ போட்டவர்களை எடுக்க மாட்டார்கள். கீழே அவள் கையெழுத்து.

"என்னென்ன வகை இருக்குக்கா?"

"தினம் ஒண்ணு போட்டுத் தூக்கி எறியறது. கழுவற வேலை இல்ல, கிருமி பயம் கம்மி. மாசத்துக்கு ஒண்ணு, அதை ராத்திரி கழட்டி மருந்துத் தண்ணியில ஊற வைக்கணும். அப்புறம் கெட்டி லென்ஸ். பார்வை கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனா பழக ரெண்டு வாரமாகும், தூசி போச்சுன்னா உசிரு போயிடும்."

"போட்டுக்கிட்டே தூங்கறது?"

"இருக்கு. உன்னை மாதிரி சோம்பேறிக்கெல்லாம் தரமாட்டேன்."

"போட்டிருக்கிறது வெளிய தெரியாத மாதிரி எது?"

"யார்கிட்டடா மறைக்கணும்? பொண்ணு பாக்கப் போறியா?"

[உங்களுக்கு இந்த இடத்திலேயே புரிந்திருக்கும். அக்காவுக்குப் புரியவில்லை. பன்னிரண்டு வருட அனுபவம் உள்ளவள் இதைக் கோட்டை விடுவாளா என்று இவளை நானே நம்பாமல் இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். பிறகுதான் உறைத்தது. நாற்காலியில் இருந்தது தம்பி. சான்றிதழ் கேட்டு வந்த அன்றும் அப்படித்தான். "வண்டி வெளிய நிக்குதுக்கா" என்று அவசரப்படுத்தினான். எழுத்துப் பலகையை மட்டும் படிக்க வைத்தாள், விளக்குக் கருவியில் உட்கார வைக்கவில்லை. 'லென்ஸ் அணிந்துள்ளாரா?' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று டிக் போட்டாள். வேறு யாராக இருந்தாலும் பார்த்திருப்பாள்.]

3

தம்பி பலகையின் மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டான். இடது கண்ணும் அப்படியே.

அக்கா பலகையைத் திரும்பிப் பார்த்தாள். நாற்பது நாளில் கடைசி வரியிலிருந்து மூன்றாவது வரிக்கு யாரும் சும்மா ஏறுவதில்லை. சர்க்கரையா? தலைக்குள் ஏதாவதா?

"தலைவலி இருக்கா? வாந்தி?"

"ஏன்க்கா மூஞ்சி இப்படிப் போகுது?"

அப்பாவுக்கும் முதலில் இப்படித்தான்— (விட்டுவிட்டேன். அப்பாவைக் கொண்டுவந்து உங்களை அழ வைப்பது சுலபம்.)

கண்ணில் மஞ்சள் சாயம் ஒரு சொட்டு விட்டு, நீல விளக்கைப் போட்டாள். லென்ஸ் அணியத் தகுதியா என்று பார்க்க எல்லோருக்கும் செய்வதுதான். கண்ணீர் எங்கே வறள்கிறது, எங்கே கீறல் என்பது பச்சையாகத் தெரியும். கருவிழியின் மேற்பாதியில் நெடுக்காகக் கீறல்கள். இமைக்கு அடியில் ஏதோ இருந்துகொண்டு, சிமிட்டும்போதெல்லாம் உரசியிருக்கிறது. பஞ்சுக்குச்சியை வைத்து மேல் இமையைத் திருப்பினாள்.

சுருண்டு மடிந்த ஏதோ ஒன்று பச்சையாக ஒளிர்ந்தது. விரலால் இழுத்து எடுத்துக் காகிதத்தில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். அது மெல்ல விரிந்து வட்டமானது.

லென்ஸ்.

நோய் இல்லை. முதலில் வந்தது அந்த நிம்மதிதான், சிரிக்கக்கூடப் போனாள். பார்வை குறையவே இல்லை, முதலிலிருந்தே இவ்வளவுதான். முதலிலிருந்தே. சிரிப்பு பாதியில் நின்றது.

"யாரோடதுடா?"

"கூட்டாளியோடதுக்கா. அவனுக்கும் கிட்டத்தட்ட இதே பவர்தான். அந்த ஒரு நாளைக்குன்னு வாங்கிப் போட்டேன். இடது வந்துச்சு, வலது வரல. வாஷ்பேசின்ல விழுந்துடுச்சுன்னு நெனச்சேன்."

"அப்ப நாப்பது நாளா எப்படி ஓட்டின?"

"கீழேர்ந்து கை காட்டுவாங்கல்ல. கை தெரியும்க்கா. விரல்தான் தெரியாது."

[இந்த வரியை எழுதியபின் எழுந்து போய்விட்டேன். அந்தக் கட்டுமானத் தளத்தில் ஒரு விரலை ஆட்டினால் 'கொஞ்சமாக இறக்கு'. எல்லா விரலையும் விரித்தால் 'நிறுத்து'.]

4

பிறகு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லையா? மோவாயை எடுக்காமலே முனகிக் கேட்டேன். "கண்ணைச் சிமிட்டாதீங்க" என்றார்.

ஆகவே முடிவுகளை நானே செய்து பார்த்தேன்.

முடிவு அ: அக்கா தளத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுகிறாள். சான்றிதழ் ரத்து. அவன் வேலை போகிறது. பார்க்காமல் கையெழுத்துப் போட்டவள் என்று இவள் வேலையும்.

முடிவு ஆ: அவன் கெஞ்சுகிறான். "லென்ஸ் போட்டா மத்தவங்களை விட எனக்கு நல்லாத் தெரியும். உனக்கே தெரியும்லக்கா?" தெரியும். அதுதான் தொல்லை. தினசரி வகை போட்டால் கடைசி வரி வரைக்கும் படிப்பான். தளத்தில் புழுதி கிளம்பும்வரை யாருக்கும் ஆபத்தில்லை.

ஆனால் 'ஆ'வில் ஓர் ஓட்டை. கீறல் ஆற ஒரு வாரமாவது எதுவும் போடக்கூடாது.

"லீவு போடுடா."

"ஒரு வாரம் போனா வேற ஆளை ஏத்திடுவாங்க. காலையில ஏழு மணிக்கு டூட்டி."

எந்த லென்ஸ் என்ற கேள்வியே இல்லை இப்போது. நாளை அவன் கண்ணில் எதுவும் இருக்காது.

முடிவு இ: கீழே நின்று கை காட்டுவது ஒரு பெண். கையுறை பெரிதாக இருப்பதால் அதன் விரல் நுனிகள் தொங்கும். அவள் காலையில்— (நிறுத்திவிட்டேன். இன்னும் இரண்டு வரி எழுதினால் தொலைபேசியை நானே எடுத்துவிடுவேன். எனக்கு அது சுலபம். அவன் என் தம்பி இல்லை.)

5

தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறக்கிறான். தொலைபேசி அக்காவின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

"அப்ப நான் வரட்டாக்கா?"

அடுத்த வரியை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் எழுதுங்கள். பென்சில் வேண்டாம், அழித்துவிடுவீர்கள்.

அக்கா: