சோதித்துப் பார்க்க ஓர் ஆள்

பழைய சிடி டிரைவின் பின்பக்கத்தில் ஊசிகளை இணைத்திருந்த ஜம்பர் என்ற சின்னத் துண்டைக் குறடால் பிடுங்கிப் பக்கத்து ஊசிகளில் மாட்டியபோது, கருவிகளைப் பழுதுபார்க்கும் பிரபுவுக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. கூத்தாநல்லூர் டாக்டர் ஹாஃபிஸாவின் ஸ்கேன் கருவி படுத்து ஒரு வாரமாகிவிட்டது. ஹார்ட் டிஸ்க்கோடு சிடி டிரைவும் போயிருந்தது. புது டிஸ்க்கில் சிஸ்டத்தை ஏற்ற முதலில் வேறொரு டிரைவை மாட்டிப் பார்த்திருந்தான். சிடி சுற்றியது, படிக்கவில்லை. கருவிக்குள்ளிருந்த அந்தக் காலத்து யூனிக்ஸ் சிஸ்டம், சிடியை ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட்டுத் துண்டுகளாகக் கேட்டது. டிரைவோ இரண்டாயிரத்து நாற்பத்தெட்டாகத்தான் கொடுப்பேன் என்றது. நாகூரில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் மூஸாவின் கடையில் கிளறி எடுத்த இந்த டிரைவில்தான் ஜம்பரை இடம் மாற்றி அந்த அளவை மாற்ற வழியிருந்தது.

திரையில் வரிகள் ஓடத் தொடங்கின. மத்தியானத்துக்குள் எல்லாம் ஏறிவிட்டது. வெளியே கர்ப்பிணிகள் காத்திருந்தார்கள்.

"படம் சரியா வருதான்னு பாத்துட்டு அவங்களக் கூப்பிடுங்க மேடம். நானே படுத்துக்கிறேன்," என்றான். எங்கே சர்வீஸுக்குப் போனாலும் அப்படித்தான் செய்வான்.

டாக்டர் அவன் வயிற்றில் ஜெல்லைத் தடவினார். கல்லீரல் துல்லியமாக வந்தது. தன் கைவேலையைப் பார்க்கிற திருப்தியோடு திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். வலது சிறுநீரகத்துக்கு நகர்ந்த டாக்டரின் கை நின்றது. மறுபடி அதே இடத்துக்கு வந்தது.

"கரும்புள்ளியா வருதா மேடம்? செட்டிங் மாத்தணும்போல."

"மூச்ச இழுத்துப் பிடிங்க."

பிடித்தான். திரும்பிப் படுக்கச் சொன்னார். இடது சிறுநீரகம் சுத்தமாகத் தெரிந்தது. திரும்பவும் வலது.

"கருவி நல்லா இருக்கு பிரபு," என்றார் டாக்டர்.

அந்த வாக்கியம் அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்தபோது, திரையிலிருந்த அந்தப் புள்ளியைப் பார்த்தான்.

"எவ்ளோ பெருசு?"

"எலுமிச்சம்பழம் அளவு. என்ன கட்டின்னு இதுல சொல்ல முடியாது. நாளைக்கே தஞ்சாவூர்ல பெரிய ஸ்கேன் எடுத்துடுங்க. நான் எழுதித் தரேன். வலி ஏதாவது இருந்துச்சா?"

"பைக் ஓட்டினா முதுகு வலிக்கும். எல்லாருக்கும் வலிக்கறதுதானே மேடம்."

டாக்டர் பஞ்சை நீட்டினார். துடைத்துக்கொண்டு, சட்டைப் பொத்தான்களைத் துளை மாற்றிப் போட்டான். உள்ளே வந்த நிறைமாதப் பெண், "சரியாயிடுச்சாங்க?" என்று சிரித்தாள்.

"ஆயிடுச்சும்மா," என்றான். அவன் வாசலைத் தாண்டும்போது அவள் குழந்தையின் இதயத்துடிப்பு ஸ்பீக்கரில் குதித்துக் குதித்துக் கேட்டது.

மன்னார்குடி சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள். மறுபாதியில் ஒரு லாரி நின்றது. பிரபு பைக்கை நிறுத்திக் காலை ஊன்றினான். காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"மேலயே ஏறிப் போங்க சார். ஒண்ணும் ஆவாது."

அவன் தலையசைத்தான், ஆனால் ஊன்றிய காலை எடுக்கவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வெயிலில் அந்த நெல் சாலையின் வளைவு வரை மஞ்சளாகக் கிடந்தது. அவள் போகச் சொல்லிக் கையைக் காட்டினாள்.