தகரத்தில் சுரண்டிய கருப்பு

1

2006-இல் இருட்டின் விலை, நூற்றிருபது மில்லி புட்டிக்கு மூவாயிரத்து இருநூறு ரூபாய். கூரியர் தனி. அதை மிச்சம்பிடிக்கப் போன இடத்தில்தான் இந்தக் கதை என் கையில் ஒட்டிக்கொண்டது.

இன்க்ஜெட் பிரிண்டரில் கருப்பு வெள்ளைப் படத்துக்குக் கலர் மை லாயக்கில்லை. பச்சை அடிக்கும், சில வருடத்தில் வெளிறும். அந்த விலைக்கு வரும் வெளிநாட்டுக் கரித்தூள் மை அழியாது. அந்தக் கருப்பையே நிறமில்லாத நீர்மத்தில் வெவ்வேறு அளவில் கரைத்து, அடர்சாம்பல், சாம்பல், வெளிர்சாம்பல் என்று கலர் மைகளின் இடத்தில் நிரப்ப வேண்டும். கோவில்பட்டியில் எனக்குத் தெரிந்து இதைச் செய்தவர் ஸ்டுடியோ சங்கரபாண்டியன். நான் அவருக்குச் சிநேகிதன். யோசனை சொல்லிக் கெடுப்பவன்.

2

"கரிசல்மேல் அந்தி கவிந்துகொண்டிருந்த—"

(வேண்டாம். நடந்தது காலை பதினொரு மணிக்கு.)

பசுவந்தனை ரோட்டில் தீப்பெட்டிப் பண்டல் அடுக்கும் ஒரு கிட்டங்கி எரிந்தது. எட்டாம் நாள் நான் தகரம் வாங்கப் போனேன். பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் எங்கள் குடும்பத்தில் எரிந்த பொருளுக்கு விலை கேட்பது கேவலமில்லை, கேட்காமல் வருவதுதான் கேவலம். கூரைத் தகரத்தின் உள்பக்கம் புகைக்கரி அப்பியிருந்தது. கரிக்கு எடை தர மாட்டேன் என்று பேசி, இரண்டு கிலோ கழித்தேன். சுரண்டிய கரியோடு ஸ்டுடியோவுக்குப் போனேன்.

"மைன்னா என்ன வே, கரிதானே? இங்கன கரி சும்மா கெடக்கு. நீரு வெளிநாட்டுக்காரனுக்குத் துட்டு அனுப்புதீரு."

"மை பீச்சுத நாசில் அடைச்சா பிரிண்டரே போச்சு."

"போனா நான் வாங்கித் தாரேன்."

"நீரு? கரியவே எடைக்குக் கழிச்சவரு." சிரித்தார். ஆனாலும் அரைத்தார்.

3

[தொழில் தெரிந்தவர்கள் இங்கே புத்தகத்தை மூடிவிடலாம். கையால் அரைத்த கரி, மயிரினும் மெல்லிய நாசில் துளையில் அரைப் பக்கம்கூடத் தாண்டாது. அடைத்திருக்க வேண்டும். அடைக்கவில்லை. ஒரு வரைவில் இதைக் கடையில் வாங்கிய மையாக மாற்றினேன். கதை நம்பும்படி ஆயிற்று, எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.]

4

வெள்ளைத்தாயை முதல் வரைவில் அழவிட்டேன். பொய். அவள் பேரம் பேசினாள்.

அவள் புருஷன் சோலைராஜ் அந்தக் கிட்டங்கியில் பண்டல் தூக்கியவர். உடல் கிடைக்கவில்லை. தீப்பிடித்த அன்று அவர் விளாத்திகுளம் பஸ்ஸில் ஏறியதைப் பார்த்ததாக இருவர் சொன்னார்கள். ஸ்டாம்பு அளவு போட்டோவை மேஜையில் வைத்தாள்.

"பெருசா மூணு. ரெண்டுக்குத்தான் காசு."

"மாலை போடுத படமா தாயி, தேடுத படமா?" என்றார் சங்கரபாண்டியன்.

"அவிய இருக்காக. பஸ் ஸ்டாண்டுல காட்டணும்."

பிரிண்டரில் இருந்தது தகரக் கரி மை. அதுவரை அதில் போட்ட படங்களெல்லாம் செம்பழுப்பு அடித்திருந்தன. சோலைராஜ் மட்டும் சுத்தக் கருப்பில் வந்தார். அவள் அவர் தாடையில் விரல் வைத்தாள்.

"இந்தத் தழும்பு போன தையில பட்டது. போட்டோ அதுக்கு முந்தி எடுத்ததுல்லா?"

லென்ஸ் வைத்துப் பார்த்தோம். சின்னப் படத்தில் தழும்பு இல்லை.

"மை செதறியிருக்கும்," என்று சங்கரபாண்டியன் நாசிலைத் துடைத்து இரண்டாவது போட்டார். அதிலும் இருந்தது. மூன்றாவதிலும்.

"இது என்ன மை அண்ணாச்சி? அவிய பக்கத்துல நிக்குத மாதிரி இருக்கு."

சங்கரபாண்டியன் என்னைப் பார்த்தார்.

5

முடிவு அ: கிட்டங்கித் தகரத்துக் கரி என்று சொல்லிவிடுகிறேன். அவள் படங்களைத் தொடவில்லை. மைப் புட்டியை மடியில் கட்டிக்கொண்டு திருச்செந்தூர்க் கடலில் கரைக்கப் போகிறாள்.

முடிவு ஆ: "வெளிநாட்டு மை, தாயி," என்கிறேன். கண்டக்டர் கண்டக்டராக, பஸ் பஸ்ஸாக, அவரைத் தேட அவரையே காட்டிக்கொண்டு திரிகிறாள்.

முடிவு இ: விளாத்திகுளம் பஸ்ஸிலிருந்து தழும்போடு ஒருவர் இறங்க— (இதைத்தான் ரொம்ப நன்றாக எழுதியிருந்தேன். அதனாலேயே அடித்தேன்.)

அவள் இன்னும் மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள். என் இடத்தில் வந்து நில்லுங்கள். உங்கள் வாயால் சொல்லுங்கள். அதற்குள் நான் கையிருப்பை அளந்துவிடுகிறேன்.

கரைத்த மை: 60 மில்லி
நாசில் கழுவியது: 14
மற்றவர்கள் படங்கள்: 22
சோலைராஜ், மூன்று படம்: செலவு இல்லை
புட்டியில் இருப்பது: 24
வெள்ளைத்தாய்க்குப் பதில்: ஒன்று. பாக்கி.